தலையணை உறைக்குள் ஒரு நல்ல பாம்பு

சித்தப்பா எங்களோடு இருந்த வரை அம்மாவின் தலையணை உறைகள் வீட்டில் தங்கியதில்லை. பிடித்த பாம்பைப் போட்டு முடிவதற்கு அதைவிடத் தோதான பை உலகத்திலேயே கிடையாது என்பது அவர் கட்சி. நாங்கள் சிட்லபாக்கத்தில் ஏரியை ஒட்டிப் போட்ட புது மனைகளில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். மழை பிடித்தால் போதும், யார் வீட்டிலாவது பாம்பு வந்துவிடும். யாராவது கழியை எடுப்பதற்குள் சித்தப்பா போய்ச் சேர வேண்டும். கிண்டியில் வேலை முடிந்து மின்சார ரயிலில் நின்றபடியே வந்து, ஆபீஸ் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடுவார். "அதுங்க இடத்துலதான் சார் நாம வீடு கட்டியிருக்கோம்" என்று அலுத்துக்கொண்டே, முனை வளைத்த கம்பியால் அதைத் தூக்குவார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு ரிட்டயர்ட் சாரின் மோட்டார் தொட்டிக்குள் ஒரு நல்ல பாம்பு. சார் முதலில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார். அது நகரவில்லை. பிறகு மண்வெட்டியை எடுத்தார். அம்மாவின் பூப்போட்ட உறையோடு சித்தப்பா குறுக்கே பாய்ந்தது அப்போதுதான்.

உறையை முடிந்து, மூடி போட்ட பக்கெட்டுக்குள் வைத்து, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தினார். நான் அழுது அடம்பிடித்துப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஊரப்பாக்கத்தில் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே போனால் ஒரு புதர்க்காடு உண்டு. இரண்டு வருடமாக எல்லாப் பாம்புகளையும் சித்தப்பா அங்கேதான் விட்டுவந்தார். பக்கெட்டை இறக்கி வைத்தபோது, ஆடு ஓட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள்.

"இன்னா சார், பக்கெட்ல?"

சித்தப்பாவுக்குப் பொய் வராது. "பாம்பும்மா. ஒண்ணும் பண்ணாது. அது பாட்டுக்குக் காட்டுக்குள்ள போயிடும்."

"நீதானா சார் அது?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும். சித்தப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். புதருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். தார்ப்பாய் போர்த்திய நாலைந்து குடிசைகள். சித்தப்பா அவற்றை அன்றுதான் பார்க்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"முன்னல்லாம் எப்பனா ஒண்ணு கண்ல படும். இப்போ அடுப்பாண்ட கீது, ஆட்டுக் கொட்டாய்ல கீது."

அவளுக்குப் பின்னால் என் வயதில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் கணுக்காலுக்கு மேல் சதை குழிந்து, கறுத்துப்போய் இருந்தது.

"போன மழைக்குக் கட்ச்சிச்சி. உசுரு பொயச்சிது. காலுதான் ஊன மாட்டேங்குது."

கடித்தது சித்தப்பா கொண்டுவந்து விட்ட பாம்புதானா என்று ஆடு ஓட்டி வந்தவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் வெகுநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கும் வேற போக்கிடம் இல்லம்மா" என்றார் கடைசியில்.

"எங்களுக்கு மட்டும் போக்கிடம் கீதா? நீ கட்டில்ல படுக்கற சார். நாங்க தரையில படுக்கறோம்."

சித்தப்பா மூடியை அழுத்திவிட்டுப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டார்.

அன்று மத்தியானம் முழுவதும் நாங்கள் பாம்போடு சுற்றினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போனோம். பொட்டலாகத் தெரிந்த இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்துவார். இறங்கிப் பார்த்தால் ஒரு கொடியில் துணி காயும், இல்லையென்றால் ஒரு குழந்தை அழும். ஓரிடத்தில் மனைக்கல் நட்டிருந்தார்கள். கல் நட்டவர்கள் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பசித்தது. பிஸ்கெட் வாங்கிக் கொடுத்தார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சிட்லபாக்கம் திரும்பினோம். வீட்டுக்குப் போகாமல், எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால், ஏரி ஓரத்துக் கோரைக்குள் பக்கெட்டோடு இறங்கினார். உறையின் முடிச்சு நெகிழ்ந்ததும் பாம்பு ஒருமுறை தலையைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டது.

"இங்கேயா?" என்றேன்.

"இங்கேதானே பிடிச்சோம். வீட்ல கேட்டா தூரமா விட்டோம்னு சொல்லு."

சொன்னேன். ரிட்டயர்ட் சார் நன்றி சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பா அதை வாங்கி ஸ்டூல் மேல் வைத்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டையும் சார் வீட்டையும் சுற்றிவந்து, சுவரில் இருந்த ஓட்டையெல்லாம் அடைத்தார்.

மூன்று வாரம் கழித்துத் தெருமுனையில் ஒரு நல்ல பாம்பை அடித்துப் போட்டிருந்தார்கள். சித்தப்பா ஆபீஸிலிருந்து வரும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

"இது வேற பாம்பு, இல்லப்பா?" என்றார் சார்.

"இருக்கும் சார்" என்றார் சித்தப்பா.

அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் அவர் உடனே எழுந்திருப்பதில்லை. சித்தப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது என்று நான் ஸ்கூலில் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த மழைக்கும் வாசலில் நாலு பேர் வந்து நின்றார்கள். சார் தோட்டத்தில் மறுபடியும் ஒன்று.

சித்தப்பா கம்பியை எடுக்காமலே கேட்டார்: "பிடிச்சிடலாம் சார். எங்க கொண்டுபோய் விடறதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

எல்லோரும் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் நிஜமாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.