எரிந்த சரிவுக்கே என்றேன்

புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் வனக்குழுவுக்கு நான் தலைவியாக இருந்த முதல் வருஷம், பங்குனியில் ரோட்டோரச் சரிவு தீப்பிடித்து எரிந்தது. அதற்கு முன்பிருந்தே உள்சரிவில் கடுக்காய் மரங்களை வண்டு துளைத்துக் கொன்றுகொண்டிருந்தது. எரிந்த சரிவு ஜீப்பில் வருகிற எல்லோர் கண்ணிலும் பட்டது. உள்சரிவுக்கு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். நடந்து போனாலும் செத்த மரங்களுக்கடியில் உண்ணிச்செடி மண்டிப் பச்சைப்பசேல் என்றிருக்கும். நிமிர்ந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

ஆனியில் வனத்துறை ரேஞ்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டம். இந்த வருஷம் ஒரு சரிவில் மட்டும் மரக்கன்று நடத்தான் பணம் இருக்கிறது, எதற்கு முதலில் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். அவராக ஒன்றைத் திணித்திருந்தால் இன்றைக்கு அவரைத் திட்டவாவது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவரோ என் பக்கம் திரும்பி, "உள்ள கடுக்கா மரமெல்லாம் போச்சுன்றாங்களே, நீங்க இன்னா சொல்றீங்க, தலைவரம்மா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததுதான். எரிந்த மரம் மேலே கருகினாலும் பெரும்பாலும் அடிக்கட்டையில் உயிர் இருக்கும். நாலு மழை விழுந்தால் துளிர்க்கும். எங்கள் கடுக்காய் மரங்களோ வேர்வரைக்கும் செத்துவிட்டன. அங்கே யாராவது நட்டால்தான் உண்டு. ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டால்கூடச் சொல்வார்கள்.

ஆனால் உள்சரிவு என் அம்மா வீட்டு ஊரை ஒட்டியது. அண்ணனும் அண்ணியும் தை, மாசியில் அங்கே கடுக்காய் பொறுக்கிச் சந்தையில் போடுவார்கள். வாணியம்பாடி வியாபாரி தோல் பதனிட வாங்கிப் போவார். அது நின்றுபோயிருந்தது. அங்கே நடவு வந்தால் குழி வெட்ட, தண்ணீர் ஊற்ற, காவல் இருக்க என்று கன்று தலையெடுக்கும்வரை உள்ளூரிலேயே வேலை கிடைக்கும். இல்லையென்றால் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திக் கேரளாவுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போக வேண்டியதுதான் என்று அண்ணி கூட்டத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "அம்மா வூட்டுக்குத்தான் இழுக்கப் போறாங்க, பாரு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. என்னை யார் அப்படிச் சொல்வது என்கிற வீம்பு.

"எரிஞ்ச சரிவுக்கே குடுங்க சார்" என்றேன்.

கை தட்டினார்கள். தலைவி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காதுபடவே பேசினார்கள். வீட்டுக்கு வந்து அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

புரட்டாசியில் குழி வெட்டப் போனபோது கருகிய கட்டைகளிலெல்லாம் முழங்கால் உயரத்துக்குத் துளிர் நின்றது. சில நாள் கூலிக்காக அண்ணியும் கடப்பாரையோடு வந்திருந்தாள். சரிவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, இது தானா வருதே. இதுக்கா குழி வெட்றோம்?"

"அங்க கேட்டா, அம்மா வூட்டுக்குக் கேக்கறான்னு ஊரே பேசும், அண்ணி."

"எங்களுக்கோசரம் நீ கேக்க வாணாம். அந்த மரமெல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா போதும். அது இன்னா பொய்யா?"

முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டாளே என்று. அவளோ துளிர் ஒன்றுகூட அடிபடாமல் தள்ளித் தள்ளிக் குழி வெட்டினாள். பொழுது சாய்வதற்குள் என் கோபம் போய், வெட்கம் வந்துவிட்டது. நான் நியாயமாக நடந்துகொள்ளவில்லை, நல்ல பேருக்கு ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

கார்த்திகையில் அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளோடு கேரளாவுக்குக் கிளம்பிப் போனார்கள்.

அடுத்த வருஷம் ரேஞ்சர் அதே கேள்வியைக் கேட்டார். யாரும் பேசுமுன் நான் எழுந்து, "உள்சரிவுக்குத்தான் சார், அங்க மரம் செத்துப்போச்சு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, ஒருவரும் மறுக்கவும் இல்லை. இவ்வளவுதானா என்று எனக்கே ஆத்திரமாக வந்தது. பணமும் வந்தது. குழி வெட்ட ஆள் கூப்பிட அம்மா வீட்டு ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டோடு சேர்த்து முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்து அவர்கள் சரிவில் நட்டோம்.