வினாத்தாள் மொழி என்ற கட்டம்

மதுரை காளவாசலில் பதினாறு வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். இப்போது தங்கை மகள் பார்த்துக்கொள்கிறாள். அவளைப் போல இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

1. தேர்வு நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பவித்ரா போன் செய்தாள். அலங்காநல்லூர் பக்கத்துப் பெண். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அவளுடைய நீட் விண்ணப்பத்தை நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"அக்கா, எனக்கு இங்கிலீஷ் பேப்பரை மட்டும் குடுத்துட்டாக. பக்கத்துல இருந்த பிள்ளைக்குத் தமிழும் சேர்ந்து இருந்துச்சு. ஹால்ல நின்ன மேடம்ட்ட கேட்டேன், உக்காந்து எழுதுன்னுட்டாக. தெரிஞ்ச கேள்விதான்க்கா அம்புட்டும். வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிருச்சு."

அந்த மேடத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். போனை வைத்த பிறகு கம்ப்யூட்டரில் அவள் விண்ணப்பத்தைத் திறந்தேன். வினாத்தாள் மொழி: இங்கிலீஷ். டிக் போட்டது நான். ஹால் டிக்கெட்டிலும் அப்படியே அச்சாகியிருந்தது. நானும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

சீசனில் கடை வாசல் வரை கூட்டம் நிற்கும். பெயர், சாதிச் சான்றிதழ் நம்பர் எல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் போடுவேன். மொழியை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. நானாகவே இங்கிலீஷ் போட்டுவிடுவேன். அவசரம் என்று சொல்லித் தப்பிக்கலாம், அது பொய். நானும் தமிழ் மீடியம்தான். காலேஜில் முதல் வருடம் பாடம் புரியாமல் கடைசி பெஞ்சில் அழுதவள். டாக்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்குத் தமிழ் என்று போட்டால் அவளைக் கீழே இறக்குவது போல எனக்குத் தோன்றும். தமிழ் என்று போட்டால் இரண்டு மொழியிலும் கேள்வி வரும் என்பதைக்கூட நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2. மனு

மறுநாள் காலை பவித்ராவும் அவள் அப்பாவும் வந்தார்கள். அவர் கரும்பு வெட்டுக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"அந்த மேடம் மேல ஒரு மனு அடிச்சுக் குடு தாயி. கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துட்டு வாரோம்" என்றார்.

அடிக்க ஆரம்பித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முடிந்தது. 'தமிழ் வினாத்தாள் கேட்டு விண்ணப்பித்திருந்தும்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அப்படியே அடித்துக் கொடுத்தால் கொஞ்ச நாளைக்கு யாருக்கும் தெரியாது. அதையும் யோசித்தேன், ஒளிப்பானேன்.

மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பினேன். "அவங்க மேல தப்பில்லைண்ணே. நான்தான் கேக்காம இங்கிலீஷ்னு போட்டுட்டேன்."

அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. மகளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தாயி" என்றார். அதற்கு மேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வருடம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் காத்திருக்க வீட்டில் வசதியில்லை. நர்சிங் சேர்ந்துவிட்டாள்.

3. அடுத்த சீசன்

அதற்குப் பிறகு என் கடையில் ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் சொல்லி, பிள்ளைகள் பதில் சொன்ன பிறகே டிக் போட்டோம். கூட்டம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். நம்முடைய வெட்கத்தை அடுத்தவர் விண்ணப்பத்தில் நிரப்பக் கூடாது. நான் கற்றது இவ்வளவுதான், அதற்கு விலை கொடுத்தது வேறொருத்தி.

அடுத்த சீசனில் பவித்ரா தன் சித்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

"காளவாசல்ல எம்புட்டோ கடை இருக்கே, பிள்ளை. என்கிட்ட ஏன் வந்த?"

"அங்கயும் கேக்காமத்தான்க்கா போடுறாக. நீங்க இனிமே கேப்பீங்க."