எட்டாம் கட்டிலை யாரும் அளக்கவில்லை

என் மனைவிக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் 'சந்தேகம்'. மருத்துவ ஆய்வுகளைப் படித்து, அவற்றின் முடிவு எங்கே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. வீட்டிலும் அப்படித்தான். "அந்த டாக்டர்கிட்டப் போன எல்லாருக்கும் குணமாயிடுச்சாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால், "குணமாகாதவங்க உங்ககிட்ட வந்து சொல்லுவாங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விடுவாள்.

"உன் வீட்டுக்காரர் பாவம்டீ" என்பார் அக்கா. அவள் இறந்தபோது அதிகம் அழுததும் அந்த அக்காதான்.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சில சமயம் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். சிறுநீர் குறையும், மூச்சு முட்டும், கவனிக்காவிட்டால் ஆள் போய்விடும். கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். சிறுநீர்க் குழாய் வழியாக அளந்தால்தான் தெரியும். யாருக்கு இது வரும், பருமனானவர்களுக்கா, சலைன் அதிகம் ஏற்றியவர்களுக்கா என்று தேடிய ஆய்வுகள் அவள் மேசைக்கு வந்தன. அதில் ஒன்று எங்கள் ஊர் மருத்துவமனையிலேயே நடந்துகொண்டிருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லோரையும் அளக்க வேண்டும் என்பது விதி. எட்டாம் கட்டிலில் இருந்தவர்களுக்கு மட்டும் அளவுகளே இல்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் இறந்திருந்தார்கள். அளவு இல்லாதவர்களை ஒதுக்கிவிட்டு மற்றவர்களை வைத்து ஓர் இடைக்கால முடிவும் சொல்லியிருந்தார்கள்.

விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராததால் நேரிலேயே போனாள்.

"அது அப்படித்தான் மேடம்" என்றாராம் அங்கிருந்த நர்ஸ்.

"அப்படித்தான்னா?"

"அதுல படுத்தவங்க திரும்புறதில்ல. கிட்டப் போனாலே கை சில்லுன்னு ஆயிடுது. எட்ட நின்னு பாத்துட்டு வந்துடுவோம்."

"அளக்காததால செத்தாங்களா, சாவாங்கன்னு அளக்கலையா சிஸ்டர்?"

நர்ஸ் எட்டாம் கட்டிலின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அன்று எட்டாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் கிடந்தார். விபத்தில் ஸ்டியரிங் வயிற்றில் இடித்திருந்தது. முகம் தூங்குகிறவர் மாதிரி அமைதியாக இருந்தது. சிறுநீர்ப் பை மட்டும் காலியாகக் கிடந்தது.

"இப்பவே அளங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

கட்டிலைச் சமமாக இறக்கிக் குழாயை இணைத்தார் நர்ஸ். அவருக்குப் பொருத்தியிருந்த சுவாச இயந்திரம் மூச்சு விடுகிறபோதெல்லாம் குழாய்க்குள் நீர் நடுங்கியது. நடுங்கியபடியே ஏறியது. எல்லைக் கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். சாயங்காலமே வயிற்றைத் திறந்து அழுத்தத்தை இறக்கினார்கள்.

டிரைவர் பிழைத்தார். பொது வார்டுக்கு மாற்றிய பிறகு என் மனைவி அவரைப் பார்க்கப் போனாள்.

"அந்தக் கட்டில்ல என்னை நல்லாவே கவனிச்சாங்கம்மா" என்றாராம் அவர். "ஒரு அம்மா தவறாம வருவாங்க. வயித்துல கை வைப்பாங்க, ஐஸ் மாதிரி இருக்கும். என்னவோ எண்ணுவாங்க, போயிடுவாங்க."

"எப்பப்ப வருவாங்க?"

"கண்ணு தொறந்தா எதிர்ல கடிகாரம்தான் தெரியும். எட்டு மணி, பன்னெண்டு, நாலு. மறுபடியும் எட்டு."

"பயமா இல்லையா?"

"வராமப் போயிடுவாங்களோன்னுதான் பயம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். "மயக்க மருந்து வேலை. இதெல்லாம் ஞாபகப் பிசகுன்னு நீதானே சொல்லுவே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்த நேரத்துல யார் போனாங்கன்னு சிஸ்டர்கிட்டக் கேட்டேன். ஒருத்தரும் போகலையாம்."

அந்த ஆய்வை நம்ப முடியாது என்று அவள் அன்றே எழுதி அனுப்பிவிட்டாள். விளக்கை அணைக்கப் போனவள் சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள்.

"அளந்திருக்காங்கங்க. எழுதித்தான் வைக்கல."