காஜா பேராங் புல்வெளியும் மதகின் மேல் பலகையும்

காஜா பேராங் புல்வெளியில் தண்ணீர் வற்றும், வற்றியது மறுபடி நிரம்பும் என்று தம்பின் என்ற ஊரில் பேருந்து ஏறும்போதே சொல்லிவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் சாட்சி. அவர் பெயரைத்தான் கேட்கவில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து ஆறாவது மாதம். தைப்பூசம் கழிந்து மழை அடியோடு நின்றிருந்தது. மலாக்காவிலிருக்கும் தங்கையைப் பார்க்கப் புறப்பட்டேன். தம்பினிலிருந்து இருபத்து நான்கு மைல். ஏழரைக்கு ஏறி ஒன்பதுக்கு இறங்கினேன். கட்டணம் ஒரு வெள்ளி இருபது காசு. அங்கிருந்து தங்கை குடியிருக்கும் காஜா பேராங்குக்கு மூன்று சக்கரத் திரிஷாக்காரன் அறுபது காசு கேட்டான். நான் பேசிய மலாயைக் கேட்டு அசந்துபோய் ஐம்பதுக்கு வந்தான்.

தங்கை வீட்டுக்காரர் சின்னையா ஒன்பது மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். "வாங்க மச்சான், பசியாறிட்டிங்களா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் புல்வெளிக்கு நடந்தார்.

ஆறு ஏக்கர் என்றார். என் கண்ணுக்கு அறுபது. கோரை, அறுகு, வல்லாரை, பொன்னாங்கண்ணி, காங்கோங் கீரை எல்லாம் பின்னிக் கிடக்கும் ஈர நிலம். கடைக்கோடியில் வடிகாலுக்குப் போகும் மதகு. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பலகை. மழைக்காலத்தில் பலகையை எடுப்பார், வெயில் காலத்தில் போடுவார். அளவுகோல் மாட்டுக்கால்தான். குளம்பு மறைய வேண்டும், முட்டி நனையக் கூடாது. முட்டிக்கு ஏறினால் வல்லாரை அழுகிவிடும். குளம்பு வெளியே தெரிந்தால் மேட்டிலிருந்து லாலான் புல் இறங்கிவிடும். அதை மாடு மோந்துகூடப் பார்க்காது.

"வெள்ளிக்கிழமை கவர்மெண்டு ஓவர்சியர் வர்றாரு மச்சான். ஈரம் நின்னா புல்லுக்கே விட்டுருவாரு. காஞ்சிருந்தா வாய்க்கால் வெட்டி வீட்டு மனை போட்டுருவாங்க. அப்பறம் மாட்ட எங்க ஓட்டுறது?"

அது திங்கள். செவ்வாய் காலை ஆறு மணிக்குப் போனால், மேல் பலகை வடிகாலில் கிடக்கிறது. புல்லடியில் வெறும் சேறு. சின்னையா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எருமை வேலை," என்றேன். மதகுக்கு எதிர்வீட்டு மலாய்க்காரர் பாக் மாட் வளர்க்கும் எருமை மதகில் முதுகைத் தேய்த்ததை நேற்று மாலை கண்ணால் கண்டதாகச் சொன்னேன். கொம்பு நான்கு அடி என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பாக் மாட் வயதானவர்; 'பாக்' என்பதே மலாயில் பெரியவரை அழைப்பது. தமிழரோடு இருந்து இருந்து தமிழும் பேசுவார். சத்தம் கேட்டு வந்துவிட்டார். "என் எருமை நேத்து வீட்டுக்கு அடியில தூணுல கட்டிதான் கிடந்துச்சு," என்றார்.

"கயித்த அறுத்துக்கிட்டு வந்திருக்கும் பாக்! என் மச்சான் பொய்யா சொல்றாரு?"

பாக் மாட் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சரி லா. இனிமே அவுத்து விடமாட்டேன். தண்ணி வேணுமா வேணாமா? மண்வெட்டிய எடு."

சின்னையா பலகையைத் திரும்ப மதகில் செருகினார். பாக் மாட் தன் வாத்துக் குளத்துக்குப் போகும் ஓடையைத் தானே வெட்டிப் புல்வெளிப் பக்கம் திருப்பினார். மூன்று நாள் அவர் வாத்துகள் சேற்றில் நின்று கத்தின. நான் கரையிலிருந்து மேற்பார்வை பார்த்தேன். அந்த வெயிலுக்கு வேறு யாராக இருந்தாலும் சுருண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஓவர்சியர் வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒரு மாட்டை நடுவில் ஓட்டி வரச் சொன்னார். குளம்பு தெரியவில்லை. "புல்லாவே இருக்கட்டும். பலகை உங்க பொறுப்பு சின்னையா. எவனையும் தொட விடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு விரல் தண்ணீர் குறைந்தால் ஒரு புல் போய் வேறொரு புல் வந்துவிடுகிறது என்பதை இந்தப் பயணத்தில் கண்டேன். பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள்; அட்டை கடிக்கும், உப்பு கொண்டு போங்கள்; வேட்டியை மடித்துக் கட்டுங்கள்.

இன்னொன்று. எருமை அந்தப் பக்கமே வரவில்லை. ஈரத்தில் நின்றால் மாட்டுக்குக் கால் புண்ணாகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். திங்கள் மாலை தனியாகப் போய்ப் பலகையை உருவியது நான்தான். சின்னையாவிடம் சொல்ல வாய் வரவில்லை. போகிறவர்கள் மதகுக்கு எதிர்வீட்டில் பாக் மாட்டிடம் இதைச் சொல்லிவிடுங்கள். எருமை இன்னும் கட்டியேதான் கிடக்கிறது என்று தங்கை எழுதியிருக்கிறாள்.