காலியாக இருந்த பிரசவத் தேதி

கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருளில் ஒரு மூலையை எழுதுவது என் பிழைப்பு. கோவில்பட்டியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கணினியில் இருக்கும் விவரங்களைப் பருத்திப் பொதி மாதிரி இறுகக் கட்டிச் சென்னைக்கு அனுப்பும் நிரல். பொதிக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் அச்சுக்கு ஸ்கீமா என்று பெயர். அதில் ‘பிரசவமான தேதி’ என்ற கட்டம் காலியாக வரலாம். காலிக்கு எங்கள் தொழிலில் நல் என்பார்கள். நல்லதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலி என்றால் இன்னும் பிறக்கவில்லை, செய்தி போகட்டும். நிரலின் ஞானம் அவ்வளவுதான். எழுதியவனுடையதும்.

நான் தாத்தாவாக வேண்டிய வயதில் என் மனைவி உண்டானாள். அதே ஆஸ்பத்திரியில்தான் பதிந்தோம். வெள்ளிக்கிழமைதோறும் செய்தி வரும்: குழந்தை இப்போது எலுமிச்சை அளவு, கத்தரிக்காய் அளவு. அவகாடோ என்று இருந்ததை நாட்டுக் காயாக மாற்றியது நான். உங்க பிள்ளை சந்தைக்குப் போக ரெடியாயிட்டு என்று கேலி செய்வாள்.

ஐந்தாம் மாதம் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த வாரமும் அவள் போன் ஒலித்தது. பிரசவமான தேதிதான் காலியாயிற்றே. இன்னும் பிறக்காததும் இனிப் பிறக்கவே போகாததும் என் நிரலுக்கு ஒன்று. அவள் படித்துவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் அப்படியே.

அவள் எண்ணை மட்டும் நீக்கியிருக்கலாம். இன்னும் எத்தனை வீட்டில் இப்படி ஒலிக்கிறதோ என்று தோன்றியதால், அந்தக் காலி எதனால் காலி என்று சொல்ல ஸ்கீமாவில் புதுக் கட்டம் ஒன்று சேர்த்தேன்; குழந்தை தங்கவில்லை என்று அதில் இருந்தால் செய்தி போகாது. என் நிரலைச் சரிபார்க்கும் சென்னைச் சகா, ஓட்டப்பிடாரத்துக்காரர், போனில் கூப்பிட்டார்.

“காலின்னா காலிதானே அண்ணாச்சி. இது எந்தக் கேஸுக்கு?”

ஊரெல்லாம் சிரிக்கப் பேசுகிறவன் என்று பெயரெடுத்த நான், எங்க வீட்டுக் கேஸுக்குத்தான் என்று மட்டும் சொன்னேன். அவர், இன்னைக்கே ஏத்திருதேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை போன் ஒலிக்கவில்லை. பல நாளுக்குப் பிறகு பசித்து, சாப்பிட உட்கார்ந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“இந்த வாரம் மெசேஜ் வரலையே?”

நான்தான் நிறுத்தினேன் என்றேன்; குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

“எதுக்கு நிறுத்துனீங்க? அதுலயாவது வளந்துட்டு இருந்துச்சுல்லா.”

இன்னொரு கரண்டி ஊற்றினாள். இலை வழிந்தது. நான் சோற்றால் அணை கட்டினேன்.