ஊசிக்காரம்மாவிடம் ஆபரேஷன் தியேட்டர் இல்லை

தையல் கடைக்கு மேல் மாடியில் அக்குபங்சர் பார்க்கிற அந்த அம்மாவை எல்லோரும் ஊசிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். கீழே கடை வைத்திருப்பவர் அவருடைய கணவர். வீட்டில் ரெண்டு பேருக்குமே ஊசிதான் பிழைப்பு, என் ஊசி குத்தினால் மட்டும் யாரும் நன்றி சொல்வதில்லை என்பார்.

இடுப்பு பிடித்தவர்களும் தூக்கம் வராதவர்களும் மாடியேறி வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, பாரம்பரிய ஆசிய மருத்துவத்துக்கும் இனி தாங்களே செலவு தருவதாகத் தாமரைப்பூ படம் போட்டு விளம்பரம் செய்தது. ஊசிக்காரம்மா அதை அப்படியே நம்பி, தன் மாடியையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்துவிட்டார்.

பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். கழுத்து வலிக்கு மாட்டுகிற பட்டை போட்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டர் எங்கே என்று கேட்டார். அது இல்லை. ஸ்ட்ரெச்சர் ஏறுகிற லிஃப்ட்? அதுவும் இல்லை. நோயாளி ஒரு ராத்திரியாவது தங்கினால்தான் பணம் வரும், படுக்கை உண்டா என்றார்.

"அரை மணியில ஊசியை எடுத்துடுவேன் சார். ராத்திரி பூரா குத்தி வெச்சிருந்தா போலீஸ்தான் வரும்."

அதிகாரி சிரிக்கவில்லை. கழுத்து இடம் கொடுக்கவில்லையோ என்னவோ. தகுதி இல்லை என்று பதில் வந்தது.

கணவரின் தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாரத்துல ரெண்டு நாள் இங்க வந்து உட்காருங்க அண்ணி. தியேட்டர், படுக்கை எல்லாம் இங்க இருக்கு. ஊசின்னு எழுத வேணாம், நரம்புத் தூண்டல்னு எழுதிக்கலாம்" என்றாள். ஊசிக்காரம்மாவுக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் பணமில்லாமல் கையில் இன்சூரன்ஸ் கார்டு மட்டும் வைத்திருந்த நோயாளிகளை நினைத்துப் போனார். அதே கை, அதே ஊசி. குளிர்பதன அறையில் குத்தியதும் கம்பெனிக்கு அது மருத்துவமாகத் தெரிந்தது.

கெடுத்தது ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவரின் நல்ல மனசு. மரத்துப்போன கால் சரியாகி நடக்க ஆரம்பித்திருந்தார். சிகிச்சை திருப்தியா என்று கம்பெனியிலிருந்து போனில் கேட்டார்கள். திருப்தி என்று சொல்லி வைத்திருக்கலாம். மனுஷன் சந்தோஷத்தில் ஒவ்வொரு ஊசியும் இறங்கிய இடத்தைச் சொல்லி, நீங்களும் வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று அழைப்பும் விடுத்துவிட்டார்.

விசாரணை வைத்தார்கள். இந்தக் கட்டடத்துக்குள் ஊசி நுழைந்ததே தெரியாது என்றார் ஆஸ்பத்திரி நிர்வாகி. நரம்புத் தூண்டல் பில்களில் கையெழுத்துப் போட்டுவந்த டாக்டர் லீவில் இருந்தார். நாத்தனார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சிகிச்சை செய்தீர்கள் என்று கடைசியாக ஊசிக்காரம்மாவைக் கேட்டார்கள்.

"ஊசிதான் போட்டேன். எனக்கு வேற எதுவும் தெரியாது."

அந்த அறையில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான். வெளியே அனுப்பப்பட்டவரும் அவர் ஒருவர்தான்.

சாயந்தரம் நாத்தனார் மாடிக்கு வந்து கண் கலங்கினாள். நான் வாயைத் திறந்திருக்கணும் அண்ணி என்றாள்.

"திறந்திருந்தா உன் வேலையும் போயிருக்கும். இப்படிப் படு. தோளெல்லாம் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு."

இப்போது மாடியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்தக் கம்பெனியின் போன் பிரிவுப் பெண்கள்தான் நிறைய வருகிறார்கள். அக்குபங்சருக்கெல்லாம் பணம் கிடையாது என்று நாள் முழுக்கப் பணிவாகச் சொல்லிச் சொல்லி அவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. அவர்களுடைய கார்டும் இங்கே செல்லாது. அவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தடித்த ஊசியாகப் போடேன் என்று கணவர் சொல்லிப் பார்த்தார். ஊசிக்காரம்மா கேட்கவில்லை.