மொபெட் சீட்டில் ஒரு கோழி

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். மார்கழி வந்தால் விடியற்காலைக் காற்று எலும்புக்குள் இறங்கும். கறந்த பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகும் என் மொபெட்டின் சீட்டில்தான் போன மார்கழியில் ஒரு செங்கோழி படுத்துத் தூங்கியது. கூண்டு இருந்தும் அதற்கு என் சீட்டுதான் வேண்டும். எச்சம் படாமலிருக்கச் சாக்கை விரித்தேன்; இன்னும் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. தினமும் அதைத் திட்டி இறக்கிவிட்டு, சாக்கை எடுத்து உதறிவிட்டுத்தான் கிளம்புவேன்.

"ஏனுங்க, வாயில்லாச் சீவனப் போட்டு இப்படி வையறீங்க?" என்பாள் மனைவி.

"அப்ப நீயே அதுகிட்டச் சொல்லிப்போடு, அம்மணி."

ஒருநாள் கோழியைக் காணவில்லை. அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்றாள். விட்டது தொல்லை என்று பால்கேனை மாட்டிக்கொண்டு ஏறினேன். சாக்கையும் தாண்டிப் பனி இறங்கி, சீட்டு ஐஸ்கட்டியாகச் சில்லிட்டது; துள்ளி எழுந்துவிட்டேன். அந்த மார்கழியில் அதுவரை ஒரு நாளும் அந்தச் சீட்டு எனக்குக் குளிர்ந்ததில்லை.

திரும்பி வந்ததும் ஒரு கை கம்பை அள்ளிப்போய் முட்டைகளின்மேல் படுத்திருந்த கோழியிடம் நீட்டினேன். நறுக்கென்று கையைக் கொத்தியது.

அன்றைக்கு நான் வையவில்லை.